சூளைக்குப் போன கரும்புச் சட்டை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதிக்கவில்லை. கூரியரில் வந்தது.

நான் தொடர்கதை எழுதுகிறவன். வாரம் ஒரு கதவு திறக்கும், வாரம் ஒருவர் அலறுவார். விருத்தாசலம் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வாரப் பத்திரிகையின் பொறுப்பாசிரியர் கயல்விழி போன் செய்தார்.

"சார், பசுமைச் சிறப்பிதழுக்கு ஒரு கதை வேணும். உயிர்மூலப் பொருளும் நம்ம உடையும். இதான் சப்ஜெக்ட்."

"இது கதையா, பரீட்சைக் கேள்வியா?"

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க எழுதினா கரண்ட் பில்லைக்கூட மூச்சுவிடாமப் படிப்பாங்க."

"கொலை உண்டா?"

"ஐயோ, வேணாம். பின்னட்டை விளம்பரம் ஒரு துணிக் கம்பெனி. யாரும் சாக வேணாம் சார். எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

மறுநாள் அந்த நல்ல சட்டை வந்தது. இளம்பச்சை நிறம். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஓர் இலைப் படம், அதன் கீழே 'கரும்பிலிருந்து உங்களுக்காக'. போட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, கசங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நல்ல சட்டைதான்.

(* உயிர்மூலப் பொருள்: தரைக்கடியில் கிடக்கும் எண்ணெயிலிருந்து எடுக்காமல் செடி, மரம், விலங்கு இவற்றிலிருந்து எடுப்பது. பருத்தி, சணல், கம்பளி எல்லாம் இதில் சேரும். இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகத்தான் இந்தக் கதைக்குள் தீ வந்தது.)

2

முதல் தொடக்கம்:

"ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. விஞ்ஞானி சக்கரபாணி திரும்பினார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கரும்பு—"

[கரும்பை வைத்துக்கொண்டு யாரை மிரட்டுவார்? பொங்கலா கொண்டாடுகிறார்? கோடு போட்டு அடி.]

இரண்டாவது தொடக்கம்:

"பெண்ணாடம் ஆலையின் சர்க்கரைப்பாகு வாடை காற்றில் கனத்திருந்த காலையில், டிராக்டர்களின் வரிசையைக் கடந்து அவள் ஓடி வந்தாள். அவளைத் துரத்தி வந்தது—"

[என்ன துரத்தியது? மாசில்லா எதிர்காலமா? அடி.]

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. ஒரு பெண் சொன்னாள்.

எங்கள் ஊருக்குக் கரும்பு பக்கத்தில், சூளை ஊருக்கு உள்ளேயே. சூளைக்காரன் ஒருவனைக் கதாநாயகனாகப் போடலாம் என்று செராமிக் எஸ்டேட்டுக்குப் போனேன். அங்கே அகல்விளக்கும் பீங்கான் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். முனையில் ஒரு டீக்கடை. இளம்பச்சைச் சட்டையோடு கேஸ் அடுப்பை ஒட்டி நின்று டீக்குக் கை நீட்டினேன். பக்கத்தில் பார்சல் வாங்க நின்ற ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"தள்ளி வாங்க சார். அந்த சட்டைய போட்டுகிட்டு அடுப்பாண்ட நிக்காதீங்க."

"ஏம்மா?"

"எங்க வூட்டுக்காரர் கையில அது இன்னும் இருக்குது. டிரெஸ்ஸிங் மாத்தறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறாங்க."

இப்படி ஒரு வரியை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே அவள் பெயரைக் கேட்டேன். பூர்ணிமா. விளக்குப் பட்டறையில் வர்ணம் தீட்டுகிறவள். கணவன் அறிவழகன் அதே பட்டறையில் சூளைக்காரன்.

3

நடந்தது இது. இதை அடிக்கவோ திருத்தவோ போவதில்லை.

பட்டறை பதுருன்னிசாவுடையது. கணவர் ஷார்ஜாவில். பட்டறை இந்த அம்மாளின் கையில். வேலைக்காரர்கள் 'பாயம்மா' என்று கூப்பிடுவார்கள். பாயம்மா தன் சூளைக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். எஸ்டேட்டில் வேறு எங்கும் அது கிடையாது. 'நூல் பாக்கறது' என்று பெயர். யார் புதுச் சட்டையோடு சூளைப் பக்கம் போனாலும் மடிப்பின் உள்ளே ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்ட வேண்டும். காகிதம்போல எரிந்து சாம்பல் பறந்தால் உள்ளே போகலாம். சுருண்டு கறுப்பு மணியாக உறைந்தால் அது பிளாஸ்டிக். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எடுத்துக்கொடுத்த சட்டையானாலும் சரி, தப்ப முடியாது. பொங்கலுக்குப் பிறகு பாதிப் பேர் முறைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்களாம்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. கேஸ் சூளையில் பர்னரைப் பற்றவைக்கும்போது சில நாள் தீ ஒரு கணம் வெளியே நாக்கை நீட்டிவிட்டு உள்ளே போகும். சூளைக்காரன் கையில் முடி நிற்பதில்லை. பருத்தி என்றால் சட்டைக்கை பழுப்பாகும், தட்டிவிட்டால் போச்சு.

பெங்களூர் ஷோரூம் ஒன்று கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் கொடுத்தது. பட்டறை 'பசுமையாக' இருக்க வேண்டும், படம் பிடிப்போம் என்றது. துணிக் கம்பெனி ஆள் வந்தான். கரும்புச் சட்டை வந்தது.

சட்டைகளைப் பிரித்த காலையில் பாயம்மா வழக்கம்போலத் தீப்பெட்டியோடுதான் வந்திருக்கிறார். அறிவழகன் சிரித்தான். அவனுடைய அப்பா பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிறவர்.

"என்னா பாயம்மா, கரும்புக்குப் போயி தீக்குச்சி கிழிக்கிறீங்க? எங்க கொல்லையில காஞ்ச கரும்பு சோகைக்கு நெருப்பு வெச்சி நீங்க பாத்ததில்லியா? பொசுக்குன்னு எரிஞ்சி சாம்பலாப் பூடும். மணியாவது, கிணியாவது."

"அப்படியா சொல்றே?"

"எங்கப்பன் ஆலைக்கு அனுப்புன கரும்பு சட்டையாத் திரும்பி எம்மேல ஏறிக்கிச்சு. அதுக்குப் போயி டெஸ்ட்டு வெக்கிறீங்களே. பூர்ணிமா, வந்து மோந்து பாரேன், இனிக்குதா?"

"பாத்து. எறும்பு மொய்க்கப்போவுது" என்றாளாம் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். பாயம்மாவும் சிரித்தார். தீப்பெட்டி இடுப்புக்குப் போனது.

கரும்பு தெரியாத ஊர்க்காரன் நூலை உருவிப் பார்த்திருப்பான். சந்தேகப்பட்டிருப்பான். இவர்களுக்குக் கரும்பு தெரியும். தீயும் தெரியும். இரண்டும் தெரிந்ததால்தான் பார்க்காமல் விட்டார்கள்.

அன்று மதியம் பர்னர் நாக்கை நீட்டியது. பழுப்பாக வேண்டிய சட்டைக்கை சுருங்கியது, உருகியது, கையோடு பிடித்துக்கொண்டது. அவன் தட்டினான். உள்ளங்கையிலும் ஒட்டியது. இழுத்தான். வந்தது சட்டை மட்டும் இல்லை.

[சார், இந்தப் பத்தி கொஞ்சம் மென்மையா இருக்கலாமே? பசுமைச் சிறப்பிதழ். — கயல்]

[இதுதான் மென்மையானது. பூர்ணிமா சொன்னபடி எழுதினால் அச்சடிக்க மாட்டாய். — நான்]

4

இப்போது எனக்கு ஒரு வில்லன் வேண்டும். தொடர்கதைக்காரனின் கை தானாகப் போகும் இடம் அது. முதலாளி. பெண் முதலாளி. ஆர்டருக்காகத் தொழிலாளியைத் தீயில் தள்ளியவள். 'பதுருன்னிசாவின் உதட்டில் ஒரு விஷமப் புன்னகை—' என்று எழுதியே விட்டேன்.

[அடி. நேரில் போய்ப் பார்த்தேன். அந்த முகத்தில் விஷமத்தை வைக்க இடமில்லை.]

புதுச்சேரி ஆஸ்பத்திரியில், அறிவழகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதறவரா? எழுதுங்க. நாந்தான் சட்டை குடுத்தேன். தீப்பெட்டி என் இடுப்புலதான் இருந்துச்சு."

"நாந்தாங்க வேணாம்னன்" என்றான் அறிவழகன்.

"நீ வாய மூடு. கஞ்சி சிந்துது."

"பாருங்க சார். தொடையிலேர்ந்து தோல எடுத்து கையில ஒட்டப்போறாங்களாம். இனிமே கையும் தொடை மாதிரி உக்காரத்தான் பாக்கும், வேலை செய்யாது."

பூர்ணிமா சிரிக்கவில்லை. "இப்படியே பேசிக்கிட்டு இருக்கறாரு சார். விரல் மடங்குமான்னு டாக்டரு இன்னும் சொல்லல. இவங்க ரெண்டு பேரும் நீயா நானான்னு பழிய இழுத்து இழுத்துப் போத்திக்கறாங்க. சட்டையில இலைப்படம் போட்டு அனுப்புனானே, அவன் ஒருத்தனாச்சும் வந்து பாத்தானா?"

வெளியே வந்து அந்த ஆளுக்குப் போன் செய்தேன். சட்டையின் அட்டையில் எண் இருந்தது. தமிழ்செல்வன், விற்பனைப் பிரிவு. மரியாதையான குரல்.

"கேள்விப்பட்டோம் சார். ரொம்ப வருத்தம். ஆனா நாங்க எங்கயாவது உருகாதுன்னு சொல்லியிருக்கமா?"

"கரும்புன்னு சொன்னீங்க."

"கரும்புதான் சார். சர்க்கரைப்பாகுலேர்ந்து எத்தனால், எத்தனால்லேர்ந்து மூலப்பொருள், அதுலேர்ந்து பாலியெஸ்டர். வேணும்னா லேப்ல டெஸ்ட் பண்ணிக் காட்டறோம்."

"முழுக்கக் கரும்பா?"

"ஒரு பகுதி. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. மிச்சம் வழக்கம்போல எண்ணெய்லேர்ந்து. எல்லாரும் அப்படித்தான் சார் பண்றாங்க."

"அந்த மூணுல ஒண்ணு மட்டும் உருகாம இருக்குமா?"

"இல்லையே சார். எதுலேர்ந்து வந்தாலும் பாலியெஸ்டர், பாலியெஸ்டர்தானே." குரலில் பெருமையே இருந்தது. "எண்ணெய்ல செஞ்சதுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. அதுதான் எங்க தரம்."

அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாசகரே, அதுதான் என் வயிற்றெரிச்சல். என் தொடர்கதைகளில் பொய்யன் வருவான், கடைசி அத்தியாயத்தில் மாட்டுவான். இந்த ஆளை எந்த அத்தியாயத்தில் மாட்டுவது? கரும்பு உண்மை. இலை உண்மை. மக்காது, உருகும், தோலில் பிடிக்கும். அதுவும் உண்மை. அதை மட்டும் அட்டையில் போட இடம் இல்லை.

உயிர்மூலம் என்ற சொல் ஒரு துணியின் பிறந்த ஊரைச் சொல்கிறது. குணத்தைச் சொல்வதில்லை. மரக்கூழிலிருந்து வருகிற ரேயான் காகிதம்போல எரியும். மக்காச்சோளத்திலிருந்தும் ஒரு வகை நூல் எடுக்கிறார்கள், அது மெழுகுபோல உருகும். இரண்டுக்கும் அதே இலையைத்தான் ஒட்டுகிறார்கள். தரைக்கடி எண்ணெயைக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான், யார் மறுத்தார்? ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் சூளைக்காரனிடம் கொண்டுவந்து விற்கும்போது 'இது பிளாஸ்டிக், தீப்பக்கம் ஆகாது' என்று வாய் திறந்து சொல்ல என்ன கேடு? 'பிளாஸ்டிக்' என்ற சொல்லை உச்சரிக்காமல் இருப்பதற்குத்தான் இலைப் படம் போடுகிறார்கள். அப்பன் பயிரை மகன் மேல் உருக்கிவிட்டு, எங்கே பொய் சொன்னோம் என்று கேட்கிறார்கள்.

[சார், விளம்பரக்காரங்க இதைப் படிப்பாங்க. — கயல்]

[படிக்கட்டும். கம்பெனி பேரை எங்கேயும் எழுதவில்லை. நீயும் எழுதாதே. — நான்]

5

கோபத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் அறிவழகனோடு இது முடியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை எஸ்டேட் சங்க ஹாலில் ஒரு விழா. எல்லாச் சூளைகளுக்கும் அதே சட்டை, இலவசமாக. மேடையில் நின்று எடுத்துக் கொடுக்கப்போவது யார்? எஸ்டேட்டின் 'முதல் பசுமைச் சூளை' உரிமையாளர். பதுருன்னிசா. அவருக்குப் பொன்னாடையும் உண்டு.

அந்தச் சூளைகளில் யாரும் நூல் பார்ப்பதில்லை என்பதை மறந்துவிட வேண்டாம். நடந்த விபத்து எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'அறிவழகன் அஜாக்கிரதையா பர்னர் வெச்சான்' என்றுதான் தெரியும். சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. கரும்பைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டதை நான் ஒளிந்திருந்து கேட்கவில்லை. என் முன்னால்தான் பேசினார்கள்.

"நீங்க மேடையில சொல்லணும் பாயம்மா. இது பிளாஸ்டிக்கு, வாங்காதீங்கன்னு."

"சொன்னா பெங்களூர்க்காரன் போயிடுவான். அவன் கொண்டாந்து விட்ட கம்பெனிதான் இது. கார்த்திகை விளக்கு எல்லாம் சூளைக்குக் காத்திருக்குது. நீ வர்ணம் அடிக்கறதே அந்த ஆர்டர்தான், பூர்ணி. உன் கையையும் சேத்துதான் நான் நிறுத்தணும்."

"நிறுத்துங்க."

"சுளுவா சொல்றே. பட்டறையில நீ ஒருத்திதான் இருக்கியா?"

"சொல்லாட்டி சுளுவா? அடுத்த ஆளுக்கு இப்படி ஆச்சின்னா யாருக்குக் கஞ்சி ஊட்டுவீங்க? அங்கயும் ஸ்டூலு போட்டு உக்காருவீங்களா?"

பாயம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீயே சொல்லேன், நானும் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

"நான் சொன்னா, புருசன் கைய சுட்டுக்கிட்டான், இவ கத்தறான்னு போயிடுவாங்க. பதுருன்னிசாம்மா நூல் பாக்காம தோத்துட்டேன்னு சொன்னாத்தான் ஊர் கேக்கும். உங்க நூலுக்குத்தான் எஸ்டேட்டே சிரிக்கும், பயப்படும்."

பாயம்மா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கதைதானே எழுதறீங்க? நான் பேசிட்டேன்னு எழுதிடுங்க. அதைப் படிச்சாவது எனக்குத் தைரியம் வருதான்னு பாக்கறேன்."

6

எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: "பூர்ணிமா மேடையில் பாய்ந்தாள். சட்டைக் குவியலின் மேல் எரியும் தீக்குச்சி விழுந்தது. ஹால் அலறியது!"

[என் பழைய வாசகர்கள் விசில் அடிப்பார்கள். அவள் ஜெயிலுக்குப் போவாள், அவன் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பான். அடி.]

முடிவு இரண்டு: "துணிக் கம்பெனியின் நிர்வாகி கண்ணீரோடு எழுந்தார். 'இனி எங்கள் அட்டைகளில் உண்மை முழுவதையும் அச்சிடுவோம்' என்றார்."

[சிரித்து முடித்துவிட்டு அடித்தேன்.]

முடிவு மூன்று: "பதுருன்னிசா மைக்கைப் பிடித்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். 'இது கரும்புதான். ஆனா பிளாஸ்டிக்கு. நான் பாக்காம விட்டேன், என் பட்டறை ஆளு கை போச்சு' என்றார். ஒரு சூளைக்காரரும் அன்று சட்டை வாங்கவில்லை."

இதுதான் நல்ல முடிவு. எழுதிக் கயலுக்கு அனுப்பியும் விட்டேன். போனில் வந்தார்.

"சார், மூணாவது பிரமாதம். படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு."

அப்பாடா. அந்தச் சொல் என்னைச் சுட்டது. விழா இன்னும் நடக்கவே இல்லை. பாயம்மா இன்னும் எழுந்து நிற்கவில்லை. நான் காகிதத்தில் அவரைப் பேசவைத்துவிட்டேன், படிக்கிறவர்கள் அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். விபத்தை மூடியது 'அஜாக்கிரதை' என்ற பேச்சு. மிச்சத்தை என் நல்ல முடிவு மூடும்.

"கயல், மூணையும் அடிச்சிடு."

"அப்ப முடிவு?"

"பத்திரிகை விருத்தாசலத்துக்கு எப்ப வரும்?"

கயல் புத்திசாலி. "வியாழக்கிழமை காலையில" என்றார் மெதுவாக. பிறகு, "பின்னட்டையில அவங்க விளம்பரம் இருக்கும் சார். உள்ளே இந்தக் கதை இருந்தா எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல."

"தெரியும்மா. முடிவு உன்னோடது."

(* நீங்கள் இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால், கயல்விழி என்ன முடிவெடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாளை விசாரித்து ஒரு போன் செய்யுங்கள்.)

7

ஆகவே, இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் இதைப் பாயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது முடிவை அடித்துவிட்டேன் என்றதும் முகம் விழுந்துவிட்டது. "நீங்களும் என்கிட்டயே தள்ளிவுட்டீங்களே சார்" என்றார். அறிவழகன் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் தூக்கி வைத்தபடி, "பாயம்மா, மேடையில தண்ணி பாட்டிலு வெப்பாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சின்னா குடிங்க" என்றான். பாயம்மா அவனை முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவேன் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது பூர்ணிமா பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.

"அவங்க பேசுவாங்களா?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவன் கதாபாத்திரத்திடம் கேட்கக்கூடாத கேள்வி.

"தெரியல சார். பயம் இருக்கத்தான் செய்யும். எதுத்தாப்பல உக்காந்து இருக்கறவங்க எல்லாம் கம்முனு பாத்தா யாருக்குத்தான் வாய் வரும்? நான் மூணாவது வரிசையில உக்காரப்போறேன். அவங்க நிமிந்தா நேரா என்னைத்தான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி. செராமிக் எஸ்டேட் சங்க ஹால். கம்மாபுரத்திலிருந்து வந்தாலும் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தாலும் பஸ் உண்டு. சட்டை வாங்கப் போகிறவர்களும் வரலாம், வேண்டாம் என்று சொல்லப் போகிறவர்களும் வரலாம். அனுமதி இலவசம்.

மூன்றாவது வரிசையில் பூர்ணிமாவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.